தாய்மார் கொடுத்த மனு

ஒக்டோபர் மாதம் வந்தால் எனக்கு இரண்டு திகதிகள் நினைவுக்கு வரும். ஒன்று, கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்த 2014 ஒக்டோபர் 29. மற்றையது, எம்மில் பலர் கேள்விப்பட்டிராத 1966 ஒக்டோபர் 21.

அன்று காலை 9.15 மணியளவில், வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் கிராமத்துப் பாடசாலையின் மேல் கரிய சேறு பாய்ந்தது. 144 பேர் இறந்தனர். அவர்களில் 116 பேர் பிள்ளைகள்.

சரிந்தது நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவு. நிலத்துக்கடியிலிருந்து எடுத்ததை ஊருக்கு மேலே மலைச்சரிவில் கொட்டி வந்தார்கள். ஏழாவது குவியலை நீரூற்றின் மேலேயே எழுப்பியிருந்தார்கள். நீர் ஊறி ஊறி அதன் அடிப்பகுதி இளகிவிட்டது.

அடையாளங்கள் தெரியாமலில்லை. 1944இலும் 1963இலும் குவியல்கள் சரிந்திருந்தன. பாடசாலைப் பக்கம் வெள்ளம் வருவதைக் கண்ட தாய்மார் 1965இல் மனுக் கொடுத்தார்கள். அனர்த்தத்தன்று காலையிலும் குவியலின் உச்சி பல அடி தாழ்ந்திருப்பதைத் தொழிலாளர் கண்டனர். அங்கே தொலைபேசி இருக்கவில்லை. ஒருவர் கீழே நடந்து போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. பின்னர் விசாரணை மன்றம் தேசிய நிலக்கரிச் சபையே பொறுப்பு என்றது. 1969இல் கழிவுக் குவியல்களின் பாதுகாப்புக்கெனச் சட்டம் வந்தது. சட்டம் வருமுன் பிள்ளைகள் போய்விட்டார்கள்.

மீரியபெத்தைக்கும் 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் மழையில் மலையகம் மீண்டும் சரிந்தது.

சகோதரிகளே, கண்காணிப்பு என்றால் பெரிய கருவிகள் மட்டுமல்ல. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 ஆனால் வெளியேற ஆயத்தமாக வேண்டும், 150 ஆனால் வெளியேறிவிட வேண்டும் என்பது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல். ஒரு மழைமானி இருந்தால் வீட்டிலிருந்தே அளக்கலாம். சுவரில் புது வெடிப்பு, இறுகும் கதவு, சாயும் மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றை முதலில் காண்பவர்கள் பெரும்பாலும் வீட்டிலிருக்கும் பெண்களே.

கண்டால் திகதியிட்டு எழுதி வையுங்கள். நாலு பேராகச் சேர்ந்து கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுங்கள், பிரதியொன்றை வைத்திருங்கள். ஆனால் மழை கடுமையானால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உடனே வெளியேறுங்கள். அபர்ஃபான் தாய்மாருக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.