வீட்டை விட்டுப் போகாத பூனைக்கும் வெறிநோய்த் தடுப்பூசி வேண்டுமா?

நெல் மூட்டை அடுக்கிய அறையில் எலித்தொல்லை தாங்காமல் பூனை வளர்க்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பூனை வீட்டை விட்டு எங்கும் போகாது. வெறிநோய் ஊசி நாய்க்குத்தானே? பூனைக்கும் போட வேண்டுமா? வீட்டில் ஐந்து வயதுப் பேத்தி இருக்கிறாள். எந்நேரமும் பூனையும் கையுமாகத்தான் இருப்பாள்."

போட வேண்டும் என்பதுதான் பதில். கேள்வியின் கடைசி வரியே அதற்குக் காரணம்.

நகரத்தில் ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்து, கதவு திறக்காத மாடி வீட்டில் வளரும் பூனைக்கு வெறிநோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. கிராமத்து வீடு அப்படி இல்லை. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே சந்து உண்டு. கொல்லைக் கதவு பாதி நேரம் திறந்தே கிடக்கும். பகல் முழுக்க மூட்டை மேல் தூங்கும் பூனை இரவில் எங்கே போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. கடுவன் பூனையாக இருந்தால் இணை தேடும் காலத்தில் நாலு தெரு சுற்றி, காது கிழிந்து வந்து நிற்கும். பூனை வெளியே போகாவிட்டாலும், திறந்த கொல்லை வழியாகத் தெருநாய் உள்ளே வரும்.

வெறிநோய்க் கிருமி, நோய் கண்ட பிராணியின் எச்சிலில் இருக்கிறது. கடி, கீறல், புண்பட்ட தோலை நக்குதல் ஆகியவற்றால் பரவும். நாய்தான் பெரும்பாலும் பரப்புகிறது என்றாலும், நாயிடம் கடிபட்ட பூனை, மாடு, ஆடு எதற்கும் இது வரும். எலியைத் தின்பதால் பூனைக்கு வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். எலியால் இந்நோய் பரவுவது மிக மிக அரிது. ஆனால் நோயின் அறிகுறி தோன்றிய பிறகு, மனிதராயினும் விலங்காயினும் பிழைப்பது அநேகமாக இல்லை. மற்ற நோய்களைப் போல வந்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்று இதில் இருக்க முடியாது.

குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் முதல் ஊசி போடலாம். அடுத்த ஊசியை எப்போது போடுவது என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்வார். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் போட்டு வர வேண்டும். ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது, சில வாரம் ஆகும். ஓரிரு நாள் பூனை சோர்ந்து கிடந்தால் கவலை வேண்டாம். சினையாக இருந்தாலோ, தீனி எடுக்காமல் இருந்தாலோ முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் மருந்து இருப்பைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது. மருந்தைக் கடையில் வாங்கிப் போக நேர்ந்தால் ஐஸ் வைத்துத்தான் எடுத்துப் போக வேண்டும். வெயிலில் பஸ்ஸில் கையில் கொண்டுபோன மருந்து வீரியம் இழந்துவிடும். பூனையை மூடியுள்ள கூடையிலோ, காற்றுப் புகும் பையிலோ வைத்துக் கொண்டுபோனால் கையைப் பிறாண்டாது. ஊசி போட்ட தேதியை மாட்டுக்குக் கோமாரி ஊசி போட்ட தேதியோடு சேர்த்துக் குறித்து வைத்தால் அடுத்த ஆண்டு மறக்காது.

பழகிய பூனை திடீரென்று சீறிப் பாய்வது, இருட்டு மூலையில் பதுங்குவது, குரல் மாறுவது, எச்சில் ஒழுகுவது, காலை இழுத்து நடப்பது ஆகியவை சந்தேகப்பட வேண்டிய அறிகுறிகள். எச்சில் ஒழுகினால் தொண்டையில் மீன் முள் சிக்கியிருக்கும் என்று வாய்க்குள் கையை விடக்கூடாது. மாட்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பூனைக்கு ஊசி போட்டாயிற்று என்பதற்காக மனிதருக்கு வேண்டிய சிகிச்சையை விட்டுவிடக்கூடாது. கடித்தாலோ, பிறாண்டினாலோ உடனே ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்கக்கூடாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும். தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் போய்விட்டது. இப்போது தோள்பட்டையில்தான் போடுகிறார்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் போட்டுக்கொள்ளலாம். கடித்த பூனையை 10 நாள் கண்காணிக்க வேண்டும், ஆனால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. பூனை நன்றாக இருந்தால் மீதி ஊசி வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். நாள் கடந்து நினைவுக்கு வந்தாலும் போகாமல் இருக்கக்கூடாது. நோய் வெளிப்பட மாதக்கணக்கில் ஆகலாம்.

பேத்தியிடம் ஒன்றைச் சொல்லிவைக்க வேண்டும்: பூனை பிறாண்டினால் யாரும் திட்ட மாட்டார்கள், உடனே வந்து சொல்ல வேண்டும். பூனையை விரட்டிவிடுவார்களோ என்ற பயத்தில் பிள்ளைகள் கீறலை மறைப்பது உண்டு. பூனைக்கு ஆண்டுக்கு ஒரு ஊசி, பிள்ளைக்கு இந்த ஒரு சொல், இரண்டும் அந்த வீட்டுக்குத் தேவை.