உயிலை எழுதித் தருபவர் யார்?
இங்கிலாந்தில் இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க அனுமதி கோரும் நீதிமன்ற ஆவணங்களைக் கட்டணத்துக்குத் தயாரிக்க, 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கீகாரம் வேண்டும். அந்த அனுமதிக்கு அடிப்படையான உயிலையோ எந்தத் தகுதியும் இல்லாதவர்கூடக் காசு வாங்கி எழுதித் தரலாம். இது தலைகீழான ஏற்பாடு. மனுவில் பிழை வந்தால் திருத்தலாம். உயிலின் பிழை பெரும்பாலும் அதற்கு உரியவர் இறந்த பிறகே தெரியவருகிறது, அவரிடம் கேட்க வழியில்லை. 1837ஆம் ஆண்டு உயில் சட்டப்படி, தாயின் உயிலில் மகள் அவசியமான சாட்சியாகக் கையெழுத்திட்டால் உயில் நிற்கும், அவளுக்கு எழுதிய பங்கு செல்லாது. இதை முன்கூட்டியே சொல்லத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டாமா?

அங்கீகாரம் பெற்ற வழக்கறிஞர்களான சொலிசிட்டர்களும் தவறுவார்கள் என்பது உண்மைதான். ஒயிட் எதிர் ஜோன்ஸ் வழக்கில், தந்தை சொல்லியும் சொலிசிட்டர்கள் உயிலை மாற்றத் தாமதித்ததால் இரு மகள்கள் தலா 9,000 பவுண்டு இழந்தார்கள். ஆனால் 1995இல், அப்போது உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, சொலிசிட்டர்களே அதற்குப் பொறுப்பு என்றது. அவர்களுக்குக் காப்பீடு கட்டாயம் என்பதால் இத்தகைய பொறுப்புக்குப் பொருள் உண்டு. கட்டுப்பாடு வந்தால் கட்டணம் ஏறும், எளியவர்கள் உயிலே எழுதமாட்டார்கள் என்ற அச்சமும் நியாயமானது. அதனால்தான் உயில் எழுதித் தரும் பணியைச் சொலிசிட்டர்களுக்கு மட்டும் ஒதுக்கச் சொல்லவில்லை. எழுதித் தருபவர் யாராயினும் காப்பீடும் கண்காணிப்பும் கட்டாயமாகட்டும். உயில் எழுதுவதை ஒழுங்குமுறைக்குள் கொண்டுவரும் பரிந்துரையை 2013இல் அரசு நிராகரித்தது தவறு.