பாடும் பாடப்புத்தகமும்

முதல் வருடம் எகனாமிக்ஸ் படித்த எல்லோருக்கும் அந்த மேய்ச்சல் நிலம் ஞாபகம் இருக்கும். ஊருக்குப் பொதுவான புல்வெளி. யார் வேண்டுமானாலும் ஆடு மேய்க்கலாம். 'இன்னும் ஒரு ஆடு சேர்த்தால் லாபம் எனக்கு, நஷ்டம் ஊருக்கு' என்று ஆளாளுக்குச் சேர்த்துக்கொண்டே போக, கடைசியில் புல்லும் இல்லை, ஆடும் இல்லை. ஆகவே வேலி போட்டுத் தனியாருக்குக் கொடு, இல்லாவிட்டால் அரசாங்கம் வரி போடட்டும். மேன்கியூ புத்தகத்தில் இந்த ஊர் எங்கோ இடைக்காலத்தில் இருக்கிறது. பெயர் கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதும் கிடையாது. பேசினால் கதை நடக்காதே!

எங்கள் கல்லூரி (பெயர் வேண்டாமே) தன்னை லிபரல் ஆர்ட்ஸ் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். வகுப்பில் இந்த ஆட்டுக்கதை ஓடிக்கொண்டிருந்தபோது பழவேற்காட்டுப் பக்கத்துப் பையன் ஒருவன் எழுந்தான். "எங்க ஊர் ஏரியும் பொதுதான் சார். ஆனா யார் வேணா எங்க வேணா வலை போட முடியாது. பாடு முறை இருக்கு" என்றான். "அதெல்லாம் சோஷியாலஜிப்பா, பரீட்சைக்கு வராது" என்று பதில் வந்தது. அவன் உட்கார்ந்துவிட்டான். அடுத்த ஸ்லைடு வந்துவிட்டது.

அந்தப் பதில் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. பாடு முறை சோஷியாலஜி இல்லை மக்களே, சுத்தமான எகனாமிக்ஸ். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இப்படி ஒன்று இருக்கும்போது ஊர் பேர் இல்லாத ஆடுகளை வைத்துக்கொண்டு மூன்று வருடம் ஓட்டுவது என்ன படிப்பு?

பாடு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக. (பாட்டு இல்லை, பாடு. பாடுபடுகிறோமே, அந்தப் பாடு.) பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உப்புநீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு ஓரம் நம் பக்கம். கடலோடு சேரும் முகத்துவாரமும் இங்கேதான். இறால் குஞ்சு கடலிலிருந்து உள்ளே வந்து, ஏரியில் வளர்ந்து, நீர் வற்றும் நேரத்தில் கடலுக்குத் திரும்பும். ஆகவே முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் வலை கட்டினால் அள்ளலாம். தள்ளிப் போகப் போக வருமானம் குறையும். எல்லா இடமும் ஒன்றல்ல என்பதுதான் இங்கே அடிப்படைச் சிக்கல். எல்லோரும் நல்ல இடத்துக்கு ஓடினால் அடிதடி, வலைக்கு மேல் வலை.

கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற பட்டினவர் கிராமங்கள் இதற்குக் கண்டுபிடித்த வழிதான் பாடு. ஏரியில் வலை கட்டும் இடங்களுக்குப் பெயரும் எல்லையும் உண்டு. ஊரில் தலைக்கட்டாகப் பதிந்த ஆண்களுக்குத்தான் உரிமை. யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்பது முறை வைத்து மாறிக்கொண்டே வரும். இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளை சுமாரான இடம். முறை மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து கேட்கும். இதில் எத்தனை அத்தியாயம் ஒளிந்திருக்கிறது பாருங்கள். யாரை உள்ளே விடுவது, நல்ல இடத்தின் கூடுதல் வருமானத்தை எப்படிப் பங்கு போடுவது, ரிஸ்க்கை எப்படிப் பரப்புவது, கண்காணிக்கும் செலவு யாருடையது. செமஸ்டர் முழுக்க ஓட்டலாம்.

புத்தகத்துக்கும் மீனுக்கும் பகை ஒன்றும் இல்லை. பொதுச்சொத்துக் கோட்பாட்டின் முதல் பெரிய கட்டுரையே மீன்பிடிப்பைப் பற்றியதுதான். 1954-ல் ஸ்காட் கார்டன் எழுதியது. கட்டுப்பாடே இல்லாவிட்டால் கடலில் கிடைக்கும் உபரியெல்லாம் கூடுதல் படகுகளின் செலவிலேயே கரைந்துவிடும் என்று காட்டினார். ஆட்டுக்கதையைப் பிரபலமாக்கிய ஹார்டின் வந்தது 1968-ல். அவர் உயிரியல்காரர். முப்பது வருடம் கழித்து 1998-ல் அவரே, தான் 'நிர்வகிக்கப்படாத' பொதுச்சொத்து என்று சொல்லியிருக்க வேண்டும் என்று எழுதினார். அந்த ஒரு அடைமொழிக்குள்தான் பழவேற்காடு முழுக்க இருக்கிறது. நம் ஸ்லைடுகளில் 1968 உண்டு, 1998 இல்லை.

எலினார் ஆஸ்ட்ரம் 1990-ல் எழுதிய புத்தகத்தில் துருக்கியின் அலன்யா என்ற மீனவ ஊர் வருகிறது. அங்கேயும் இடங்களுக்குப் பெயர் வைத்து, சீட்டுக் குலுக்கி, தினமும் ஒரு இடம் நகர்ந்துகொண்டே போவார்கள். ஏறக்குறைய நம் பாடுதான்! 2009-ல் அவருக்கு நோபல் கிடைத்தது. பொருளாதாரத்தில் அந்தப் பரிசு வாங்கிய முதல் பெண். அலன்யா உலகமெங்கும் வகுப்பறைக்குள் போய்விட்டது. நம் வகுப்பில் அதையே ஒரு பையன் எழுந்து சொன்னால் சிலபஸில் இல்லை.

இந்த இடத்தில் "ஆஹா, நம் முன்னோர் அன்றே..." என்று யாராவது ஆரம்பிப்பதற்குள் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். பாடு முறையைக் கொண்டாடுவது என் நோக்கமில்லை. தலைக்கட்டு என்றால் ஆண். மீனைக் கூடையில் ஏற்றிக்கொண்டு போய் விற்கிற பெண்ணுக்கு அதில் பங்கு இல்லை. தலைக்கட்டு என்றால் பட்டினவரும்கூட. அதே ஏரியை நம்பி தலித் மீனவர்கள் இருக்கிறார்கள். வலை இல்லாமல் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவியே இறால் பிடிக்கும் இருளர்கள் இருக்கிறார்கள். 1970-களுக்குப் பிறகு இறால் ஏற்றுமதிப் பண்டமாகி விலை ஏறியபோது, இந்த 'யார் உள்ளே, யார் வெளியே' என்ற கேள்வி கைகலப்பு வரை போனது. ஸாரா கூல்தார்ட் 2008-ல் வெளியிட்ட ஆய்வில் இன்னொன்றும் சொல்கிறார். மீன் குறைந்துகொண்டே வந்தாலும் பாடு உரிமை உள்ளவர்கள் வேறு வேலைக்கு நகர மிகவும் தயங்குகிறார்கள். அந்த உரிமையோடு சாதி அந்தஸ்தும் ஊரில் இருக்கும் மரியாதையும் சேர்ந்தே கட்டப்பட்டிருக்கிறது. கட்டிக் காத்த வேலியே காலைக் கட்டுகிறது.

எனக்கு இதுதான் வேண்டும். திறமையும் நியாயமும் வேறு வேறு என்று கரும்பலகையில் இரண்டு வட்டம் போட்டுச் சொல்லித் தருவதற்கும், ஏரியை அழியாமல் பார்த்துக்கொண்ட விதியே பக்கத்து வீட்டுக்காரரை வெளியே நிறுத்தியது என்று காட்டுவதற்கும் எவ்வளவு வித்தியாசம்! ஆட்டுக்கதையில் சாதி இல்லை, பெண் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு சுலபமாக மனப்பாடம் ஆகிறது.

"சரிப்பா, சுவாரசியமான உதாரணம். அதற்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று கேட்கலாம். பழவேற்காட்டுக்கும் எண்ணூருக்கும் நடுவில் காட்டுப்பள்ளித் துறைமுகம் இருக்கிறது. 2018-ல் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. அதைப் பல மடங்கு விரிவாக்க ஒரு திட்டம் வந்தது. மணல் அரிப்பு அதிகமாகி ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள கரையே போய்விடும் என்பது மீனவர்களின் பயம். 2021 ஜனவரியில் நடப்பதாக இருந்த மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது. 2023 செப்டம்பரில் அறிவித்த கூட்டமும் தள்ளிப்போனது. இந்த மாதிரி திட்டங்களில் எகனாமிக்ஸ் படித்தவர்கள் உட்கார்ந்து வரவு செலவு போடுவார்கள். ஒரு பக்கம் முதலீடு, வேலைவாய்ப்பு, சரக்கு. எதிர்ப்பக்கம் 'வாழ்வாதார இழப்பு'.

அந்த இழப்பை எப்படிக் கணக்குப் போடுவீர்கள்? நிலம் என்றால் பட்டா இருக்கும், வழிகாட்டி மதிப்பு இருக்கும். பாடு உரிமைக்குப் பட்டா கிடையாது. தலைக்கட்டுக் கணக்கு ஊரிடம் இருக்கிறது, தாலுகா ஆபீஸில் இல்லை. பட்டா உள்ள இருபது சென்ட் நிலம் கணக்கில் ஏறும், தலைமுறையாக முறை வைத்து வந்த நீர்ப்பரப்பு பூஜ்யம். இருளரின் நிலைமை இன்னும் மோசம். அவர்களுக்கு ஊர்க் கணக்கிலும் இடமில்லை, அரசாங்கக் கணக்கிலும் இல்லை.

இதற்கான கருவி எல்லாம் நம் சிலபஸிலேயே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 'இந்த ஏரியைக் காப்பாற்ற நீ எவ்வளவு கொடுப்பாய்' என்று கேட்டால் மீனவரின் பதில் அவர் பாக்கெட்டைத் தாண்டாது. 'இதை விட்டுப் போக எவ்வளவு வாங்கிக்கொள்வாய்' என்று கேட்டால் பதில் வேறு. எந்தக் கேள்வியைக் கேட்பது என்பது, உரிமை முதலில் யாருடையது என்று நாம் வைத்துக்கொள்வதைப் பொறுத்தது. 1960-ல் கோஸ் எழுதியதைச் சுற்றி வரும் அத்தனை விவாதமும் இங்கே வந்துதான் நிற்கிறது. நாம் அதை 'ரயில் பொறி பறந்து வயல் எரிந்தது' உதாரணத்தோடு ஐந்து மார்க்குக்கு எழுதிவிட்டு வந்துவிடுகிறோம். நாளைக்கு நம்மில் ஒருவர் கன்சல்டன்சியில் உட்கார்ந்து அந்தக் காலத்தில் பூஜ்யம் போடப்போகிறவர்.

பாடத்திட்டத்தை எதிர்த்து மாணவர்கள் முணுமுணுப்பது புதிதில்லை. 2000-ல் பாரிஸில் மனு போட்டார்கள். 2011 நவம்பரில் ஹார்வர்டில் மேன்கியூவின் வகுப்பிலிருந்தே எழுந்து வெளியே போனார்கள். ஆனால் நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, இங்கேயே ஒரு பழைய வழி இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1915 கடைசியில் வந்து சேர்ந்தார். கேள்விப் பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்து, விடுமுறையில் மாணவர்களைத் தங்கள் தங்கள் ஊரையே கணக்கெடுத்து வரச் சொன்னார். நிலம் யாருடையது, கூலி எவ்வளவு, கடன் யாரிடம் என்று அவர்கள் எழுதி வந்தவை 1918-ல் புத்தகமானது. அந்த ஊர்களை 1930-களில் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் மறுபடி போய்ப் பார்த்தார்கள். அதில் ஒன்றான இருவேல்பட்டுக்கு 2008-லும் ஆய்வாளர்கள் போனார்கள். கிட்டத்தட்ட நூறு வருடக் கணக்கு, ஆரம்பித்து வைத்தது காலேஜ் பையன்கள்! தன் ஊரைப் பற்றி மாணவனுக்குத் தெரிந்ததுதான் அங்கே பாடத்தின் தொடக்கம். யாரும் 'சோஷியாலஜிப்பா' என்று உட்கார வைக்கவில்லை.

தியரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தியரி இல்லாமல் பழவேற்காட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு பஸ், பூநாரையோடு ஒரு போட்டோ, டச்சுக் கல்லறையில் ஒரு போட்டோ, மத்தியானம் மீன் சாப்பாடு, சாயங்காலம் ரிட்டர்ன். (அந்த டச்சுக்காரர்களும் நல்ல பாடம்தான். 1602-ல் பங்கு விற்று ஆரம்பித்த கம்பெனி 1613-ல் இங்கே ஜெல்டிரியா கோட்டையைக் கட்டியது. இங்கிருந்து துணியை ஏற்றிப் போய்க் கிழக்குத் தீவுகளில் மசாலா வாங்கியது. அடிமைகளையும் கப்பல் ஏற்றியது. சுதந்திர வர்த்தக அத்தியாயத்தில் இவ்வளவும் சேர்த்துப் படிக்கலாம்.) கார்டனும் ஆஸ்ட்ரமும் தலையில் இருந்தால்தான் ஏரியில் என்ன பார்ப்பது என்று தெரியும். நான் கேட்பது வரிசையைப் பற்றி. கேள்வி ஏரியிலிருந்து வரட்டும், பிறகு கிராஃப் போடலாம்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ஏரியின் மேற்கே, தடாவை ஒட்டிய ஸ்ரீசிட்டியில் 2018-லேயே கிரியா பல்கலைக்கழகம் வந்துவிட்டது. லிபரல் ஆர்ட்ஸ் ஏரிக்கு அருகிலேயே வந்தாயிற்று. ஆனால் தனியார் லிபரல் ஆர்ட்ஸ் என்றாலே கட்டணம் லட்சங்களில். குப்பத்துப் பிள்ளைகளில் கல்லூரிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பொன்னேரி அரசு கலைக் கல்லூரி மாதிரி இடங்களுக்குத்தான் போக முடியும். விவாதம், ஃபீல்டு வொர்க் என்று சுதந்திரமாகப் படிக்க வசதியுள்ளவர்கள் ஒரு வகுப்பறையில், பாடு என்றால் என்ன என்று வீட்டிலேயே தெரிந்தவர்கள் இன்னொரு வகுப்பறையில். எங்கள் வகுப்பில் தப்பித்தவறி இரண்டும் ஒரே அறையில் இருந்தது. அதைத்தான் ஒரே வாக்கியத்தில் உட்கார வைத்துவிட்டார்கள்.

கேட்பவர்களுக்காக ஒரு கேள்வித்தாளும் போட்டு வைத்திருக்கிறேன். மூன்றாம் செமஸ்டர், விடுமுறையில் எழுதி வர வேண்டியது. இரண்டு கல்லூரியிலிருந்தும் ஆளுக்கு ஒருவராகச் சேர்ந்துதான் செய்ய வேண்டும். ஒன்று, ஒரு கிராமத்தின் பாடு முறையை எழுதி, கார்டனின் உபரி இங்கே ஏன் முழுக்கக் கரையவில்லை என்று விளக்கு. இரண்டு, முகத்துவாரம் மணல் அடைத்துக்கொண்டால் எந்த இடத்தின் மதிப்பு எப்படி மாறும், முறை வைப்பது அப்போதும் சரிப்படுமா? மூன்று, பாடு உரிமை இல்லாத ஒரு வீட்டின் ஒரு மாத வரவு செலவை எழுதி, ஏரி போனால் அந்த வீட்டுக்கு என்ன நஷ்டம் என்று கணக்கிடு. மூன்றாவதற்கு இருளர் குடியிருப்புக்குப் போய், கையால் இறால் பிடிக்கிற அம்மாவிடம் ஒரு நாள் முழுக்கப் பேச வேண்டியிருக்கும், அதுவும் தண்ணீர் வற்றுகிற நேரம் தவிர்த்து, அவருக்கு வசதிப்படும்போது. அதற்குப் பத்து மார்க் போதாது சார், இருபதாவது போடுங்கள்.