யாருடைய விரல்?

மடு மாதாவின் ஆவணித் திருவிழா முடிந்து மூன்றாம் நாள் காலை, மடுப் பக்கம் பெரியபண்டிவிரிச்சானிலிருந்து ஒரு அம்மம்மா அழைத்தார். "தம்பி, ரி.வி. சிங்களமாப் போச்சுது. ஒருக்கா வந்து பாருங்கோ." இருபது வருடத்துக்கு மேல் ரி.வி. திருத்தும் தொழிலில் இருக்கிறேன். படம் போச்சுது, சத்தம் போச்சுது, கோடு விழுகுது, புகை வருது என்றெல்லாம் கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு பழுதைக் கேட்டது அன்றுதான்.

மன்னாரிலிருந்து மோட்டார்சைக்கிளில் போனேன். பற்றரி இரண்டும் சரி. கைத்தொலைபேசிக் கமராவுக்கு முன்னால் ரிமோட்டைப் பிடித்து அமத்தினால் நுனியில் ஊதா மினுக்கம் தெரிகிறது. டிஷ், எல்.என்.பி., கேபிள் முனை எல்லாம் சுத்தம். சிக்னல் பட்டை நிறைந்து நிற்கிறது, சனல்கள் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. ஒன்றே ஒன்றுதான் மாறியிருந்தது. அந்தப் பெட்டியின் ரிமோட்டில் இதயப் படம் போட்ட பொத்தான் ஒன்று உண்டு. வீட்டில் அதிகம் பார்க்கப்படும் சனலைப் பெட்டி தானே கணக்கெடுத்து வைத்திருந்து, அந்தப் பொத்தானை அமத்தியதும் திரைக்குக் கொண்டுவரும். அம்மம்மா விடிய எழும்பி அதை அமத்தினால் மாதா தொலைக்காட்சியில் பூசை வரும். இப்போது சிங்களக் கார்ட்டூன் வருகிறது.

காரணம் கண்டுபிடிக்க மீற்றர் தேவைப்படவில்லை. கொடியேற்றத்துக்கு வந்த நீர்கொழும்புச் சொந்தக்காரர் முந்தாநாள்தான் திரும்பிப் போனவை என்று அவரே சொன்னார். பெரியவர்கள் பகல் முழுக்கக் கோயிலடியில். நான்கு பிள்ளைகள் ரி.வி.க்கு முன்னால். பெட்டி திருவிழாவைப் படித்து வைத்துக்கொண்டது.

பில் புத்தகத்தில் 'பழுது' என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. நிரப்பாமல் விட்டுவந்த அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் இந்த இதழில் எழுதுகிறேன்.

'படிக்கிற ரிமோட்' என்று கடையில் விற்பது இரண்டு வேறு சாமான்கள். ஒன்று, இன்னொரு ரிமோட்டின் குறியீட்டைப் படித்துக்கொள்வது. இரண்டையும் மூக்கோடு மூக்கு வைத்து, ஒவ்வொரு பொத்தானாக அமத்திச் சொல்லிக்கொடுப்போமே, அது. அப்பிள் கணினியை உருவாக்கிய ஸ்டீவ் வொஸ்னியாக் கூட அந்தக் கம்பனியை விட்டு வந்த பிறகு 1987 இல் 'கோர்' என்ற பெயரில் இப்படியொரு ரிமோட்டைச் செய்து விற்றார். அது படித்தது இயந்திரத்தின் பாஷையை. மற்றது மனிசரைப் படிப்பது. நமக்கு இப்போது தலையிடி தருவது இந்த இரண்டாவது.

இதை ரிமோட்டே செய்கிறது என்று வாடிக்கையாளர் நினைக்கிறார். நம்மில் சிலரும் அப்படித்தான் விளக்கம் சொல்கிறோம். சாதாரண அகச்சிவப்பு ரிமோட்டுக்கு வாய் உண்டு, காது இல்லை. என்.ஈ.சி. முறையை எடுத்துக்கொள்ளுங்கள். பொத்தானை அமத்தியதும் 38 கிலோஹேர்ட்ஸ் துடிப்பில் 9 மில்லிசெக்கன் நீளத்துக்கு ஒரு தொடக்கம், 4.5 மில்லிசெக்கன் மௌனம், பிறகு 32 பிற்று. முகவரி, அதன் தலைகீழ், கட்டளை, அதன் தலைகீழ். அவ்வளவுதான். போய்ச் சேர்ந்ததா என்ற பதில் திரும்பி வராது. 107 ஆம் சனலுக்கு மூன்று எண்ணை அமத்தும்போது நடுவில் ஒரு பிள்ளை குறுக்கே ஓடினால் பெட்டி 17 க்குப் போகும். ரிமோட்டைக் கேட்டால் 107 என்று சத்தியம் செய்யும். மேல், கீழ்ப் பொத்தானை அமத்துகிற வீடுகளில் இன்னும் மோசம். எங்கே தொடங்கியது என்றே ரிமோட்டுக்குத் தெரியாது. ரிமோட்டுக்குள் மட்டும் கணக்கு வைத்தால் பொழுதுபடுவதற்குள் அது பிழைத்துப்போகும்.

ஆகவே கணக்கு பெட்டிக்குள் அல்லது ரி.வி.க்குள் நடக்கிறது. எந்தச் சேவை திரையில் இருக்கிறது என்பது அதற்குத்தான் தெரியும். புதிய புளூடூத் ரிமோட்டுகள் இரு வழியும் பேசுபவை என்றாலும் படிப்பு நடக்கும் இடம் மாறவில்லை. கணக்குப் போடும் விதம் கம்பனிக்குக் கம்பனி வேறுபடும், அடிப்படை ஒன்றுதான். சனலில் சில நிமிடமாவது நின்றால் மட்டும் ஒரு புள்ளி. தாவிப் போனதெல்லாம் தள்ளுபடி. சில பெட்டிகளில் நாளைக் காலை, பகல், இரவு என்று துண்டாக்கி ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. பழைய புள்ளிகள் மெல்ல மெல்லத் தேயும், புதியவை பாரமாக நிற்கும். பெரியபண்டிவிரிச்சானில் நடந்தது இந்தத் தேய்மானம்தான். வருடக்கணக்கான பூசையைப் பத்து நாள் கார்ட்டூன் தேய்த்துவிட்டது.

இதோடு இன்னொரு வில்லங்கமும் உண்டு. விருப்பப் பட்டியல் சில பெட்டிகளில் சனல் எண்ணின் பேரில் பதிவாகிறது, சிலவற்றில் வலையமைப்பு, அலைவரிசைக் கட்டு, சேவை என்ற மூன்று அடையாள எண்களின் பேரில். முதல் வகையில் நிறுவனம் எண் வரிசையை மாற்றினால் பட்டியல் வேறு சனலைக் காட்டும். இரண்டாம் வகையில் சனல் வேறு டிரான்ஸ்பொண்டருக்கு இடம் மாறினால் பட்டியல் வெறுமையைக் காட்டும். வீட்டுக்காரர் இரண்டுக்கும் ஒரே வார்த்தைதான் சொல்வார்: "சனல் துலைஞ்சு போச்சு." உடனே முழுத் தேடலை ஓட்டிவிட்டு வருகிறவர்கள் நம்மிடையே அதிகம். பல பெட்டிகளில் அந்தத் தேடல் மிச்சம் இருந்த பட்டியலையும் சேர்த்துத் துடைத்துவிடும். முதலில் சனல் பட்டியலைத் திறந்து பாருங்கள். சனல் இருக்கிறதா, வரிசைதான் மாறியதா என்று தெரிந்தபிறகு தேடலைப் பற்றி யோசிக்கலாம்.

மன்னாரில் ஒரு வீட்டின் விருப்பத்தை அறிய ஒரு காலத்தில் பெட்டியைத் திறக்கத் தேவையில்லை, கூரையைப் பார்த்தால் போதும். சென்னைத் தூரதர்ஷன் 1975 இல் தொடங்கியது, ரூபவாஹினி 1982 இல். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடல்தான். 1995 இல் இராமேஸ்வரத்தில் 323 மீற்றர் உயரக் கோபுரம் எழுந்தபிறகு தீவுக்கரைக்கு அது பக்கத்து வீட்டு விளக்கு மாதிரி. இந்தியாவும் இலங்கையும் ஒரே 'பால்' முறை, சத்தத்துக்கு ஒரே 5.5 மெகாஹேர்ட்ஸ் இடைவெளி. ஆகவே செற்றில் எந்தக் கைவேலையும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அன்ரனாவை மேற்கே திருப்பினால் தமிழ்நாடு, தெற்கே திருப்பினால் பிதுருதலாகலை. போர் முடிந்து 2011 இல் கொக்காவில் கோபுரம் மீண்டும் எழுந்தபோது கிழக்குப் பக்கமும் ஒரு திசை சேர்ந்தது. கடல் அமைந்து புழுங்கும் இரவுகளில், எதிர்பாராத தூரத்துச் சனலெல்லாம் தண்ணீருக்கு மேலால் வழுக்கி வந்துசேரும். சோளகம் எழும்பினால் அன்ரனாக் குழாயே திரும்பிவிடும், உப்புக் காற்று கிளாம்பைத் தின்றுவிடும்.

அன்ரனா திருப்ப இரண்டு பேர் வேண்டும். கம்பத்தடியில் ஒருவர், யன்னலுக்குள் ஒருவர். "இன்னும் கொஞ்சம்… கூடிப்போச்சு… நில், நில்!" இந்தச் சத்தம் தெருவுக்கே கேட்கும். இரவு எந்தத் திசை என்பதைச் சண்டை பிடித்துத்தான் தீர்மானித்தார்கள். அப்பாவுக்குச் செய்தி, அக்காவுக்குத் தூரதர்ஷனின் 'ஒளியும் ஒலியும்' பாட்டு. யார் வென்றார், யார் விட்டுக்கொடுத்தார் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யுத்த காலத்தில் கரண்ட் இல்லாமல் ஜெனரேற்றரும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்தபோது சண்டை இன்னும் கூர்மையானது. எண்ணெய் ஒரு படத்துக்கோ இரண்டு படத்துக்கோதான் காணும். பழைய காலம் நல்ல காலம் என்று சொல்ல வரவில்லை. அந்தக் கம்பத்தில் ஏறி விழுந்தவர்களையும் எனக்குத் தெரியும். ஆனால் வீட்டின் விருப்பம் என்பது வீட்டார் கூடி எடுத்த முடிவாக இருந்தது. இன்று அதே முடிவை உள்ளே ஒரு எண்ணி எடுக்கிறது, கூட்டத்துக்கு யாரையும் அழைக்காமல்.

அந்த எண்ணி நிமிடத்தைத்தான் எண்ணும். அம்மம்மாவுக்குக் காலை அரை மணி நேரப் பூசைதான் அந்த நாளின் ரி.வி. மிச்ச நேரம் அது ஓடினாலென்ன, ஓடாவிட்டாலென்ன. பேரன் எட்டு மணி நேரம் ஓடவிட்டு, பாதி நேரம் முற்றத்தில் கிரிக்கெற் விளையாடுவான். புள்ளி பேரனுக்கு. பேசாலையில் மீன் வாடியில் வேலைக்காரருக்காக நாள் முழுக்க ஓடுகிற செற், சாப்பாட்டுக் கடையில் சுவரில் தொங்குகிற செற், நாடகம் பார்த்தபடி உறங்கிப்போன தாத்தாவின் செற் எல்லாவற்றிலும் ஓடுகிற சனலுக்குப் புள்ளி ஏறிக்கொண்டே இருக்கும். பார்க்கிற கண் பெட்டிக்குத் தெரியாது. அமத்துகிற விரல் தெரியும், அதுவும் யாருடைய விரல் என்று தெரியாது.

இது புதிதாகக் கண்டுபிடித்த குறை அல்ல. பார்வையாளர் கணக்கெடுக்கும் தொழிலுக்கு இது பல பத்தாண்டுகளாகத் தெரியும். செற்றில் எது ஓடியது என்பதை மட்டும் அளக்கும் மீற்றர் போதாது என்றுதான் 1987 இல் அமெரிக்காவில் நீல்சன் நிறுவனம் 'மக்கள் மீற்றர்' முறைக்கு மாறியது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொத்தான். செற்றுக்கு முன்னால் வந்து இருந்தால் அமத்த வேண்டும், எழும்பிப் போனால் அமத்த வேண்டும். இந்தியாவில் இன்று பார்க் அமைப்பு எடுக்கும் கணக்கிலும் குடும்பத்தவருக்குத் தனித்தனிப் பொத்தான் உள்ள ரிமோட் ஒன்று கொடுக்கப்படுகிறது. விளம்பரக் காசு கைமாறும் இடத்தில் 'யார்' என்று கேட்டுத்தான் கணக்கெடுக்கிறார்கள். அம்மம்மாவின் வீட்டில் கேட்காமலே எடுக்கலாம் என்று வைத்துக்கொண்டார்கள். 1999 இல் வந்த டிவோ பதிவுப்பெட்டிகூட அதன் ரிமோட்டில் மேல்நோக்கிய பெருவிரல், கீழ்நோக்கிய பெருவிரல் என இரண்டு பொத்தான் வைத்திருந்தது. பிடித்ததா இல்லையா என்று வாய்விட்டுச் சொல்ல வழி இருந்தது. ஊகமும் அதற்குள் நடந்தது உண்மைதான், ஆனாலும் மனிசரின் சொல்லுக்கு ஒரு பொத்தான் இருந்தது. இப்போதைய பெட்டிகள் பலவற்றில் அந்தப் பொத்தானே இல்லை.

இதுவரை சொன்னது வசதிக் குறைவு. அடுத்தது அப்படியல்ல. இணையத்தில் இணைந்த ரி.வி. தான் படித்ததைத் தனக்குள் மட்டும் வைத்திருப்பதில்லை. 2017 பெப்ரவரியில் அமெரிக்காவில் விசியோ நிறுவனம் 22 இலட்சம் டொலர் கட்டி ஒரு வழக்கை முடித்துக்கொண்டது. 1 கோடியே 10 இலட்சம் ரி.வி.க்களில் என்ன ஓடுகிறது என்பதைச் செக்கனுக்குச் செக்கன், சொந்தக்காரரின் சம்மதம் இல்லாமல் சேகரித்தது என்பது குற்றச்சாட்டு. திரையில் உள்ள படத்தின் சில புள்ளிகளை எடுத்து எங்கோ இருக்கும் களஞ்சியத்தோடு ஒப்பிட்டு, இது இன்ன நிகழ்ச்சி என்று அடையாளம் காணும் வித்தை அது. டிஷ்ஷில் வந்தாலும், பென்டிரைவில் போட்டாலும் அதற்கு ஒன்றுதான். அதே வகை வித்தை எல்.ஜி. செற்றுகளில் 'லைவ் பிளஸ்' என்ற பெயரிலும், சாம்சுங்கில் 'வியூயிங் இன்பர்மேஷன் சர்வீசஸ்' என்ற பெயரிலும், சோனியில் 'சம்பா இன்ரராக்ரிவ் ரி.வி.' என்ற பெயரிலும் இருக்கும். பெயரைப் பார்த்து என்ன வேலை என்று யாராலும் ஊகிக்க முடியாது. அது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

இங்கேதான் நம் பக்கம் வருகிறேன். புது ரி.வி.யைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சுவரில் பூட்டி, வைஃபை போட்டு, முதல் முறை இயக்குவது யார்? வீட்டுக்காரர் அல்ல, நாம். திரையில் நீளமான ஆங்கிலப் பத்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எல்லாவற்றையும் 'ஒத்துக்கொள்கிறேன்' என்று அமத்தி அமத்திப் போவது யார்? அடுத்த வீட்டு வேலை காத்திருக்கும், மன்னாருக்குத் திரும்ப வேண்டும், மழை இருட்டும். நானும் அப்படித்தான் செய்திருக்கிறேன், எத்தனை வீட்டில் என்று எண்ணிச் சொல்ல முடியாது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சம்மதம் என்பது தரவுக்கு உரியவரின் சம்மதம். பூட்ட வந்தவரின் பெருவிரல் எந்தக் கணக்கில் சேரும் என்று சட்டம் படித்தவர்கள் வாதாடட்டும். நம் வேலைக்கு வேண்டியது அதைவிடச் சின்னது. அந்தத் திரை வந்ததும் ரிமோட்டைக் கீழே வைத்து, வீட்டில் யாரையாவது கூப்பிட்டு, "நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்று இது கம்பனிக்குச் சொல்லும். விடவோ, நிப்பாட்டவோ?" என்று தமிழில் ஒரு வரி கேட்பது. பெரும்பாலானவர்கள் நிப்பாட்டச் சொல்கிறார்கள். சிலர் "விடு தம்பி, எங்கட வீட்டில என்ன இருக்கு" என்கிறார்கள். அதுவும் அவர்களின் பதில்.

விருப்பப் பட்டியலையும் இதே மாதிரிக் கேட்டுக் கேட்டுக் கையால் போட்டுக்கொடுக்கலாம். அம்மம்மாவுக்கு ஒன்று, பேரனுக்கு ஒன்று. பத்து நிமிட வேலை. கூகுள் ரி.வி. உள்ள செற்றாக இருந்தால் செயலிகளை மட்டும் காட்டும் முறைக்கு மாற்றலாம், முகப்பில் வந்து விழுகிற பரிந்துரைகள் பெரும்பாலும் நின்றுபோகும். இதற்குத் தனிக் கூலி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சோல்டர் பிடித்தால்தான் வேலை என்று நாமே நினைப்பதால்தான் வாடிக்கையாளரும் அப்படி நினைக்கிறார்.

தானாகப் படிக்கும் வசதியே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கண் மங்கியவருக்கு, எழுத்து வாசிக்காதவருக்கு, நூற்றுக்கணக்கான சனலுக்குள் தன் ஒன்றைத் தேட முடியாதவருக்கு அந்த இதயப் பொத்தான் பெரிய உதவி. பெரியபண்டிவிரிச்சான் அம்மம்மா அந்த ஒரு பொத்தானை நம்பித்தான் ரி.வி. பார்த்தார். ரிமோட்டைப் பொலித்தீன் உறையில் போட்டு இறப்பர் வளையத்தால் கட்டி, அந்த ஒரு பொத்தானுக்கு மேல் மட்டும் பிளாஸ்ரர் துண்டு ஒட்டி வைத்திருந்தார், இருட்டிலும் விரல் தட்டுப்படுவதற்காக. தானாகப் படிப்பதை நிறுத்தி, மாதா தொலைக்காட்சியை அந்தப் பொத்தானில் நிரந்தரமாகப் பூட்டும் அமைப்பு அதே பெட்டியின் நான்காவது மெனுவுக்குள் இருந்தது. கையேட்டில் அரை வரி. செய்து கொடுத்துவிட்டு, பில்லில் பழுது என்ற கட்டத்தை வெறுமையாக விட்டு, கூலியை மட்டும் எழுதினேன்.

இந்த வருடம் கொடியேற்றத்துக்கு முதல் கிழமை மறுபடியும் அழைத்தார். "தம்பி, ஆக்கள் வரப்போகினம். பிள்ளையளுக்கும் ஒரு பொத்தான் போட்டுவிடுங்கோ. என்ரயைத் தொடாமல்."