முத்திரை இல்லாத பொட்டலம்

பிரான்ஸ் தேசத்துக்குப் போய்விட்டு வந்த என் சிநேகிதி, சாந்த் எமிலியோன் என்ற ஊரின் பெருமையை மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் திராட்சைத் தோட்டம், பூமிக்கடியில் நிலவறைகள், நிலவறைகளில் மதுப் பீப்பாய்கள்! பாறையைக் குடைந்தே கட்டிய மாதா கோயில் ஒன்றும் உண்டு. 1999ல் யுனெஸ்கோ அந்த ஊரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

"மதுவுக்கா இத்தனை மரியாதை?" என்று கேட்டேன்.

"மதுவுக்கு இல்லையடி, சோதனைக்கு!" என்றாள்.

1199ம் வருஷத்திலேயே அங்குள்ள ஊர்ச் சபைக்கு ராஜ சாஸனம் கிடைத்துவிட்டது. சபையார் ருசி பார்ப்பார்கள். தேறிய பீப்பாய்க்கு முத்திரை போடுவார்கள். தேறாத சரக்கை அழித்துவிடுவார்கள்.

இதைக் கேட்டதும் எனக்கு எந்த ஊர் ஞாபகம் வந்தது, தெரியுமா? நம்முடைய கள்ளக்குறிச்சி!

போன மாதம் அங்கே போயிருந்தேன். கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைப் பார்த்துவிட்டுக் கல்வராயன் மலை ஏறினேன். வெள்ளிமலைக் காற்றும் மேகம் அருவியும் அவசியம் அநுபவிக்க வேண்டியவை. ஆனால் ஊர்ப் பெயரைச் சொன்னால் ஜனங்களுக்கு மலையா நினைவுக்கு வருகிறது? 2024 ஜூன் மாதம் அல்லவா வருகிறது! கருணாபுரத்திலும் அக்கம்பக்கத்திலும் பொட்டலச் சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் பெண்களும் உண்டு.

அதில் கலந்திருந்தது மெதனால். ஆலைகளில் பயன்படும் விஷச் சரக்கு. நாக்கை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. உடம்புக்குள் போய் மெள்ள மெள்ள ஃபார்மிக் அமிலமாக மாறும். கண் நரம்பைத் தாக்கும். குடித்துப் பல மணி நேரம் கழித்தே வேலையைக் காட்டும். அதனால்தான் வீட்டில் இருப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் இந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் இருக்கலாம். பாத்திரம் தேய்க்க வருகிறவள் வீட்டில்? அவளுக்குச் சொல்லுங்கள். குடித்தவருக்குக் கண் மங்கினால், வயிறு வலித்தால், மூச்சு வாங்கினால், "போதை தெளியட்டும்" என்று படுக்க வைக்கக் கூடாது. மோரும் எலுமிச்சையும் கொடுத்துக் காலம் கடத்தக் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். மாற்று மருந்து இருக்கிறது, டயாலிஸிஸ் இருக்கிறது. போன நேரம்தான் திரும்பி வராது. என்ன குடித்தார் என்பதை டாக்டரிடம் மறைக்கவும் வேண்டாம். மானத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

குடிக்காமல் இருப்பதே உத்தமம். அந்தப் புத்தி வருகிற வரையில், கண் விழித்திருக்க வேண்டியவள் வீட்டுக்காரிதானே?