படகு யாருடையது?

விடுமுறையில் உலாவ உல்லாசப் படகு வாங்கும் தனவந்தருக்குப் பதிவுப் பத்திரம் வெறும் சம்பிரதாயம். இராமேசுவரத்து மீனவருக்கோ அது குடும்பத்தின் சோறு என்றே நாம் சொல்வோம்.

அவ்வூர்த் துறையில் நிற்கும் விசைப்படகுகளின் முகப்பில் ‘ஐ.என்.டி. - டி.என். - 10’ என்று தொடங்கும் குறியைக் காணலாம். முதலில் தேசம், அடுத்தது ராஜ்யம், கடைசியில் வருவது படகின் சொந்த எண். 1983-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குபடுத்தும் சட்டப்படி பதிவும் வேண்டும், லைசென்ஸும் வேண்டும். 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கிய பயங்கரவாதிகள் நம் தேசத்து மீன்பிடி படகு ஒன்றையே கைப்பற்றி வந்தார்கள் அல்லவா? அதன் பிறகு கெடுபிடி அதிகமாயிற்று. அதைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் பத்திரத்தின் அருமை தெரிவது அக்கரையிலேதான். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்த படகை மீட்க, அதற்கு உரியவரே தஸ்தாவேஜுகளுடன் அந்நாட்டு நீதிமன்றத்தில் ஆஜராகும்படி உத்தரவாகிறது. தவறினால் படகு இலங்கை அரசுக்குச் சொந்தமாகிவிடும். கைமாறிய படகின் பதிவு விற்றவர் பெயரிலேயே நின்றுவிட்டால் வாங்கியவர் கதி என்ன? ஊரார் சாட்சியமும் முத்திரைக் காகிதமும் அங்கே எம்மட்டுக்குச் செல்லும்?

ஆகையால் பணத்தை எண்ணிக் கொடுக்கும் அன்றே, விற்றவரையும் அழைத்துக்கொண்டு மீன்வளத் துறை ஆபீஸுக்குச் சென்று பெயர் மாற்றத்துக்கு மனுக் கொடுத்துவிடுவது நலம். கடல் கடந்து வழக்காடச் செல்பவருக்கு வழிச்செலவும் வக்கீலும் கொடுத்து உதவுவது நமது சர்க்காரின் பொறுப்பு.