திணை வழுவாது அழைப்போம்

மனிதர்க்கு வாய்த்த செல்வங்களுள் சொல்லே தலையாயது. ஒரு சொல்லால் ஒருவரை நம் அருகில் அமர்த்தவும் இயலும்; ஒரு சொல்லால் வாயிலுக்கு வெளியே நிறுத்தவும் இயலும். தமிழ் பயின்றோர் இதனை நன்கறிவர். அறிந்தும் வழுவுகின்றோம் என்பதற்கு நானே சான்று.

பண்ருட்டியை அடுத்த காடாம்புலியூரில் மகளிர் சுய உதவிக் குழுவொன்றின் கூட்டத்திற்கு எழுத்தறிவு குறித்துப் பேசச் சென்றிருந்தேன். முந்திரித் தொழிற்கூடங்களில் கை கறுக்க உழைத்துவிட்டு வந்த மகளிர் பாய் விரித்து அமர்ந்திருந்தனர். அவர்களிடையே திருநங்கை ஒருவரும் இருந்தார். "தாய்மார்களே!" எனத் தொடங்கிப் பேசி முடித்தபின், அருகிலிருந்த மூதாட்டி ஒருவரிடம், "அது எந்த ஊர்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டேன். அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "அதுன்னு சொல்லாதீங்க சார். எங்க குழுவுல அவங்களும் ஒரு அக்காதான்" என்றார். திணை, பால், எண், இடம் என ஆண்டுதோறும் வகுப்பில் நடத்திவந்த எனக்குத் திணைவழு இன்னதென்று உணர்த்தியவர், கையெழுத்திடப் பழகிக்கொண்டிருந்த அம்மூதாட்டியே ஆவார்.

இலக்கணம் காட்டும் நெறி

தொல்காப்பியர் கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே மக்களை உயர்திணை என வகுத்துவிடுகின்றார். அவ்வியலிலேயே, ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயரும் உயர்திணை முடிபே கொள்ளும் என்கின்றார். அப்பெயர் ஆண்பால் முடிபு ஏற்காது என்றும் வரையறுக்கின்றார். பிற்காலத்தவராகிய பவணந்தியார், ஆண்மை நீங்கிப் பெண்மையை விரும்புவாரைப் பெண்பாலாகவும், பெண்மை நீங்கி ஆண்மையை விரும்புவாரை ஆண்பாலாகவும் கொள்க என்று நன்னூலில் கூறுகின்றார். இங்கே பாலை வரையறுப்பது அவரவர் விருப்பமே என்பது உற்றுநோக்கத் தக்கது. இருசாரார்க்கும் அஃறிணை முடிபும் பொருந்தும் என நன்னூலார் இடந்தருவதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் இருவழி திறந்திருக்கையில், எதிரே அமர்ந்திருக்கும் மனிதரை உயர்த்தும் வழியைக் கொள்வதே கற்றோர்க்கு அழகு.

அந்நூல்கள் ஆளும் பழஞ்சொற்களை இன்று நாம் எடுத்தாள வேண்டும் என்பதன்று. அவை காலப்போக்கில் வசைச்சொற்களாகிவிட்டன. நம் பகுதிக்கு அணித்தேயுள்ள கூவாகத்தின் கூத்தாண்டவர் திருவிழாவை ஒட்டி 'அரவாணி' என்னும் பெயர் வழங்கியது. பின்னர் 'திருநங்கை' என்னும் மதிப்புமிக்க சொல் நிலைபெற்றது. 2008ஆம் ஆண்டு தமிழக அரசு அவர்தம் நலனுக்கென வாரியம் அமைத்தது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், தம் பாலினத்தைத் தாமே உணர்ந்து உரைக்கும் உரிமை ஒவ்வொருவர்க்கும் உண்டு எனத் தீர்ப்பளித்தது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் காட்டிய வழியில், இத்தகையோரை மதிப்புடன் குறிக்கும் சொற்களின் பட்டியலை 2022இல் தமிழக அரசு அரசிதழில் வெளியிட்டது. சட்டம் சொல்லைத் தரலாம். அதனை நாவில் ஏற்றுவது நம் பொறுப்பன்றோ?

தாய்மார் மட்டுமா மகளிர்?

என் பிழை 'அது' என்பதோடு முடியவில்லை. 'தாய்மார்களே' என்ற விளியையும் பின்னர் எண்ணிப் பார்த்தேன். அப்பாயில் மணமாகாத இளம்பெண்கள் இருந்தனர். மகப்பேறு வாய்க்காது ஊராரின் ஏச்சுக்கு ஆளானவரும் இருந்திருக்கக் கூடும். ஊர்ப் பேச்சினின்று சற்று விடுபட்டு அமரவே அவர்கள் அங்கு வருகின்றனர். அங்கும் அவ்வேச்சையே நினைவூட்டும் விளி தேவைதானா? 'கணவர் பெயர்' என்று மட்டும் கேட்கும் படிவமும் இத்தகையதே. 1989இல் தருமபுரியில் தொடங்கித் தமிழகமெங்கும் பரவிய இக்குழுக்கள், பொறுப்பாளரை 'ஊக்குநர்' என்று அழைத்துப் பழகின. ஆணையும் பெண்ணையும் பிரிக்காத எத்துணை அருமையான சொல்! ஆசிரியர், மருத்துவர், உறுப்பினர் என 'அர்' ஈற்றுச் சொற்கள் நம்மிடம் நிரம்ப உள. 'அவர்' என்ற ஒரு சொல்லே எல்லாரையும் மதிப்புடன் தாங்க வல்லது.

பெரியோர்தம் ஐயம்

"தாய், சகோதரி என்னும் நல்ல சொற்களையெல்லாம் விட்டுவிடச் சொல்கிறீரா?" எனப் பெரியோர் வினவலாம். இல்லை. தாயைத் தாயென்றும் பெண்ணைப் பெண்ணென்றும் அழைப்பதில் குறையேதுமில்லை. மகளிர் நெடுங்காலம் போராடிப் பெற்ற அவையில் 'மகளிர்' என்னும் பெயர் அழியவும் வேண்டா. ஒருவரை அழைக்கும்போது மற்றவர் வெளியே நின்றுவிடலாகாது என்பதே நம் கருத்து.

தம்மையும் பெயர் சுட்டி அழைக்க வேண்டும் எனக் கேட்பது மிகையான கோரிக்கையும் அன்று. ஆண்கள் குறிப்பிடப்படுவது போல் பெண்கள் குறிப்பிடப்படவில்லையே என அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வினவியதாக நபிமொழித் தொகுப்புகள் கூறும். அதனையடுத்து அருளப்பெற்றதாகக் கூறப்படும் அல் அஹ்ஸாப் அத்தியாயத்தின் 35ஆம் வசனம், ஆண்களையும் பெண்களையும் பத்து முறை இணையிணையாகச் சுட்டுகின்றது. வினவியவர் கடிந்துகொள்ளப்படவில்லை, விடை பெற்றார்.

மாணவச் செல்வங்களே! அவையில் பேசுமுன் அங்கு அமர்ந்திருப்போர் யாவர் என நோக்குங்கள். எவ்வாறு அழைப்பது எனத் தெரியாவிடின் அவரிடமே பணிவுடன் கேளுங்கள். வழுவிவிட்டால் நீண்ட விளக்கம் வேண்டா. திருத்திக்கொண்டு மேலே செல்லுங்கள். அன்று புறப்படுமுன் நான் அத்திருநங்கையிடம் சென்று, "அக்கா, சென்று வருகிறேன்" என்றேன். "வாங்க தம்பி, அடுத்த கூட்டத்துக்கும் வாங்க" என்றார். என் பிழை அவர் செவியில் விழுந்ததோ இல்லையோ, அறியேன். அவர் என்னை அழைத்த சொல்லில் வழுவேதும் இருக்கவில்லை.